ஸ்பானிய மன்னருக்காக ஆயுதம் ஏந்திய ஆப்பிரிக்க வம்சாவளியினர்: விருப்பமா, நிர்ப்பந்தமா?

பீடோர் வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் படிவம் ஆறு மாணவர்களுக்கும் சுற்றுத் தோட்டங்களிலிருந்து வரும் பெரியவர்கள் சிலருக்குமாக வாரந்தோறும் ஒரு வரலாற்று வாசிப்புக் கூட்டம் நடத்தி வருகிறோம். சென்ற வாரம் 1943-ஆம் ஆண்டில் நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களைப் பற்றிப் பேசினோம். பலருக்குத் தந்தையோ சிற்றப்பாவோ அந்தப் படையில் இருந்தவர்கள் என்பதால் பேச்சு நீண்டுகொண்டே போயிற்று. அப்போது ஒரு மாணவி எழுந்து, அமெரிக்கக் கண்டங்களுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள் ஸ்பானிய மன்னரின் படையிலேயே துப்பாக்கி ஏந்தினார்கள் என்று தான் படித்ததைச் சொல்லி, "தன் இனத்தையே விலைக்கு வாங்கி விற்ற அரசுக்காக ஒருவன் எதற்காகச் சண்டை போட வேண்டும்?" என்று கேட்டார். "எல்லாம் வயிற்றுப்பாட்டுக்குத்தான் அம்மா" என்று ஒரு பெரியவர் பதில் சொல்லிவிட்டார். மாணவி அமைதியாகிவிட்டார், ஆனால் அந்த விடை அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

அவர்களை வலுக்கட்டாயமாகச் சேர்த்தார்களா, தாமாகவே சேர்ந்தார்களா? சேர்ந்ததால் என்ன கிடைத்தது? அவர்களுக்குள்ளிருந்து அதிகாரிகள் வந்தார்களா? இதைப் படித்தறிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால், அடுத்த கூட்டத்தில் அந்த மாணவிக்கு ஒழுங்கான விடை சொல்ல முடியும்.

தெலுக் இந்தான் ஆசிரியர்

அன்புள்ள பீடோர் நண்பருக்கு வணக்கம். நான் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்த மாணவியின் கேள்வி மிக நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லும் முன் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கரும்புக் காட்டில் அடிமையாக உழைத்தவரும் படை வரிசையில் துப்பாக்கியோடு நின்றவரும் பெரும்பாலும் ஒரே ஆள் அல்லர். ஸ்பானியச் சட்டத்தில் ஓர் அடிமை தன் விலையைச் சிறிது சிறிதாகக் கட்டி விடுதலை பெற வழி இருந்தது. அப்படி மீண்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பதினெட்டாம் நூற்றாண்டுக்குள் ஹவானா, வெராகுரூஸ், கராகஸ், கார்த்தஹேனா போன்ற துறைமுக நகரங்களில் பெரும் சமூகமாகவே வளர்ந்திருந்தார்கள். தையல்காரர், செருப்புத் தைப்பவர், தச்சர், கொத்தனார் என்று நகரத்தின் கைத்தொழில்கள் பலவும் அவர்கள் கையில் இருந்தன. வாரநாளில் தொழில் செய்து, ஓய்வு நாளில் பயிற்சிக்குப் போய், எதிரிக் கப்பல் கண்ணில் பட்டால் கோட்டைச் சுவரில் ஏறி நிற்பதுதான் அந்தக் குடிப்படையின் வழக்கம். கலப்பினத்தாரின் பிரிவைப் பார்தோ என்றும், கறுப்பினத்தாரின் பிரிவை மொரேனோ என்றும் தனித்தனியாக வைத்திருந்தார்கள்.

அரசுக்கு இவர்கள் ஏன் தேவைப்பட்டார்கள் என்பதற்குக் கடற்கரையின் நீளமும் காய்ச்சலுமே காரணம். ஐரோப்பாவிலிருந்து வந்து இறங்கும் பட்டாளத்தை மஞ்சள் காய்ச்சல் வாரிக்கொண்டு போயிற்று. கடற்கொள்ளையரோ ஆண்டு முழுவதும் வந்தார்கள். 1683-இல் லோரென்சோ தெ கிராஃப் முதலானோர் வெராகுரூஸ் நகரத்தையே கொள்ளையிட்டார்கள். ஃபுளோரிடாவின் சான் அகஸ்டின் நகரில் கறுப்பினத்தாருக்கெனத் தனிப்படை அமைந்ததும் அதே 1683-இல்தான்.

என்ன கிடைத்தது என்று கேட்டீர்கள். சோறு மட்டும் கிடைக்கவில்லை என்பதை அந்தப் பெரியவருக்கு மரியாதையோடு சொல்லுங்கள். இன்றைய மெக்சிகோவாகிய புதிய ஸ்பெயினில் சுதந்திரமான கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் தம் பிறப்பின் காரணமாகவே மன்னருக்கு ஆண்டுதோறும் வரி கட்ட வேண்டியிருந்தது. பணத்தைவிட அதிலிருந்த இழிவுதான் அவர்களை அதிகம் சுட்டது. படையில் சேர்ந்தவர்கள் ஊர் ஊராக மனு எழுதி அந்த வரியிலிருந்து விலக்கு வாங்கினார்கள். அடுத்தது, படையினர் மீதான வழக்கைப் படை நீதிமன்றமே விசாரிக்கும் உரிமை. கடனுக்காகவோ அடிதடிக்காகவோ ஒரு கறுப்பினத் தையல்காரரை உள்ளூர் நீதிபதி தன் விருப்பப்படி இழுத்துப் போய்ச் சிறையில் அடைக்க முடியாத நிலையை நினைத்துப் பாருங்கள். 1769-இல் கியூபாவுக்கென வகுக்கப்பட்ட படை விதிகள் இந்த உரிமையை அவர்களுக்கும் உறுதி செய்தன. அவர்களுடைய நிறத்தவர் கத்தி வைத்திருப்பதையே சட்டம் தடுத்த ஊர்களில், சீருடையும் வாளும் அணிந்து வீதியில் நடப்பதற்கு ஒரு பொருள் இருந்தது. அதிகாரிகளும் அவர்களிலிருந்தே வந்தார்கள்: தலைவர், துணைத்தலைவர், கொடி ஏந்துபவர் எல்லாரும் அவர்களே. ஆனால் 1769 விதிகள் அந்தத் தலைவர்களுக்கு அருகிலேயே வெள்ளை அதிகாரிகளையும் மேற்பார்வைக்கென்று அமர்த்தின. நம்பிக்கையும் ஐயமும் ஒரே சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதை மாணவர்களுக்குக் காட்டுங்கள்.

இன்னும் பின்னோக்கிப் போனால் ஹுவான் வலியெந்தே என்பவரின் வாழ்க்கை இருக்கிறது. மெக்சிகோவின் புவெப்லா நகரில் அடிமையாக இருந்த அவர், 1533-இல் தம் எசமானரோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, ஈட்டுவதைக் கொண்டுவந்து தருவதாகச் சொல்லிப் புறப்பட்டார். பெரு வழியாகச் சிலிக்குப் போய்ப் படைத்தலைவரானார், குதிரையும் நிலமும் குடிகளும் பெற்றார், 1553-இல் துக்காபெல் போரில் மாண்டார். அந்த நாளிலும் சட்டப்படி அவர் புவெப்லாவிலிருந்த ஒருவரின் உடைமையாகவே இருந்தார். வீரமும் பட்டமும் ஓர் ஆளை எவ்வளவு தூரம் கொண்டு செல்லும், எந்த இடத்தில் நிறுத்திவிடும் என்பதை இதைவிட நெருக்கமாகக் காட்டும் வாழ்க்கையை நான் படித்ததில்லை.

செம்பனைத் தோட்டத்து மகள்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். தாங்கள் எழுதிய அனைத்தும் உண்மை. ஆனால் இந்த விடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், மாணவி அவர்களை வீரர்களாக மட்டுமே பார்த்துவிடுவார் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

இந்தப் படைகள் கொள்ளையரை மட்டும் விரட்டவில்லை. தப்பியோடிய அடிமைகளையும் விரட்டின. ஸ்பானிய ஆட்சியில் இருந்த நியூ ஓர்லியன்சில், சதுப்பு நிலக் காடுகளுக்குள் தப்பியோடியவர்களின் குடியிருப்புகளை அமைத்துத் தலைமை தாங்கிய சான் மாலோவை 1784-இல் பிடித்துத் தூக்கிலிட்டார்கள். அந்த வேட்டைகளில் சுதந்திரக் கறுப்பினப் படையினரும் இருந்தார்கள். மெக்சிகோவில் மலைக்காட்டிலிருந்து போராடிய, யாங்கா என்ற தலைவரின் மக்களுக்கு ஸ்பானியர் ஊரும் விடுதலையும் கொடுத்தபோதும், இனிமேல் தப்பி வருபவர்களைப் பிடித்து ஒப்படைக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் பகுதியாக இருந்தது. ஹவானாவின் படை அதிகாரிகளில் சிலர் தாமே அடிமைகளை வைத்திருந்தார்கள்.

எங்கள் பாட்டி தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழ்ந்த காலத்துக் கங்காணிகளைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார். நம்மவராகவே இருந்து, துரைக்கும் நமக்கும் நடுவே நின்று, வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் காசு வாங்கியவர்கள் அவர்கள். இந்தப் படைத்தலைவர்களைப் படிக்கும்போது எனக்கு அவர்கள்தாம் நினைவுக்கு வருகிறார்கள். இந்த ஒப்பீடு கடுமையாக இருந்தால் பெரியவர்கள் சொல்லுங்கள், ஆனால் காரணத்தோடு சொல்லுங்கள்.

தாப்பா நூலகர்

சகோதரி எழுப்பிய கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் கங்காணியின் வருமானம் தன் ஆட்களின் உழைப்பைப் பொறுத்தது. குடிப்படைத் தலைவருக்குத் தம் வீரர்கள் மூலம் அப்படியொரு வருமானம் இல்லை. அவர் கேட்ட வரிவிலக்கும் வழக்குரிமையும் அவருடைய வீரர்களுக்கும் சேர்த்தே வந்தன. அந்த இடத்தில் ஒப்பீடு நிற்கவில்லை என்று நினைக்கிறேன். தப்பியோடியவர்களைப் பிடித்த இடத்தில் நிற்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

மாணவிக்கு ஓர் ஊரின் கதையைச் சொல்லுங்கள். ஃபுளோரிடாவில் ஸ்பானியர், அதற்கு வடக்கே கரோலைனாவில் ஆங்கிலேயர். கரோலைனாவின் நெல் வயல்களிலிருந்து தப்பித் தெற்கே ஓடிவந்து கத்தோலிக்கராக மாறுபவர்களுக்கு விடுதலை என்று 1693-இல் ஸ்பானிய மன்னர் இரண்டாம் கார்லோஸ் ஆணையிட்டார். கருணை ஒருபுறம் இருக்கட்டும், ஆங்கிலேயரின் உழைப்பாளிகளைக் குறைத்துத் தன் காவலர்களைக் கூட்டும் கணக்கும் அதில் இருந்தது. ஆணை வந்ததே தவிர, சான் அகஸ்டினில் ஆளுநர்கள் அதை ஒழுங்காக நிறைவேற்றவில்லை. ஓடிவந்தவர்களில் பலரை ஏலத்திலும் விட்டார்கள்.

அவர்களில் ஒருவர் மேற்கு ஆப்பிரிக்காவின் மாண்டிங்கா இனத்தவரான பிரான்சிஸ்கோ மெனெண்டஸ். கரோலைனாவில் யமாசி மக்கள் ஆங்கிலேயரை எதிர்த்து 1715-இல் போரிட்டபோது அவர்களோடு சேர்ந்து போரிட்டு, பிறகு ஃபுளோரிடாவுக்கு வந்தவர். விடுதலை வாக்களிக்கப்பட்ட மண்ணிலேயே மீண்டும் அடிமையாக்கப்பட்டார். அப்படி இருந்துகொண்டே 1726-இல் கறுப்பினப் படையின் தலைவரானார். அந்தப் பதவியிலிருந்து தமக்காகவும் தம் கூட்டாளிகளுக்காகவும் மனு மேல் மனு எழுதினார். யமாசித் தலைவர் ஒருவரும் அவருக்காகச் சான்று சொன்னார். கடைசியில் 1738-இல் ஆளுநர் மனுவெல் தெ மொந்தியானோ அவர்களை விடுவித்து, நகரத்துக்கு வடக்கே மூன்று கிலோமீட்டர் தொலைவில் ஓர் ஊரையே கொடுத்தார். அரசர் வாக்குக் கொடுத்ததற்கும் அது கைக்கு வந்ததற்கும் இடையே 45 ஆண்டுகள். அந்த ஊர்தான் கிராசியா ரியால் தெ சாந்தா தெரேசா தெ மோசே. இன்றைய அமெரிக்க ஐக்கிய நாட்டின் எல்லைக்குள், சட்டப்படி விடுதலை பெற்ற கறுப்பினத்தாருக்கென அமைந்த முதல் ஊர் அதுவே.

கோட்டை என்றால் பெரிதாக எண்ண வேண்டாம். நான்கு மூலையிலும் காவல் முனை வைத்த சதுரமான மண் சுவர், சுற்றிலும் அகழி, அகழி ஓரமெங்கும் முட்செடி, உள்ளே ஒரு கிணறும் ஒரு காவல் வீடும். ஆங்கிலப் படையோடு வந்தவர்களே அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். வெளியே வயல், அதற்கப்பால் உப்பங்கழி. ஆங்கிலேயரின் மிகக் கொடிய எதிரிகளாக இருப்போம், கடைசிச் சொட்டு இரத்தம் வரை சிந்துவோம் என்று அவர்கள் மன்னருக்கு உறுதி கூறினார்கள். இதை வெறும் முகத்துதி என்று நான் எண்ணவில்லை. ஆங்கிலேயர் வென்றால் மன்னருக்கு ஒரு கோட்டை போகும், அவர்களுக்கோ கழுத்தில் மீண்டும் கயிறு விழும். 1740-இல் ஆங்கிலத் தளபதி ஓகில்தோர்ப் படையெடுத்து வந்து மோசேயைப் பிடித்துக்கொண்டபோது, விடியுமுன் சென்று அதை மீட்ட படையில் மெனெண்டஸின் ஆட்களும் இருந்தார்கள். அந்தச் சண்டையில் ஆங்கிலேயர் தரப்பில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். சான் அகஸ்டின் மீதான முற்றுகையும் அதோடு தளர்ந்தது.

அதே ஆண்டில் மெனெண்டஸ் தம் பணிக்கான ஊதியம் கேட்டு, தம் கையொப்பமிட்டு மன்னருக்கே கடிதம் எழுதினார். பதில் இல்லை. பிறகு கடலுக்குப் போனார். 1741-இல் ஆங்கிலக் கப்பல் ஒன்றிடம் பிடிபட்டு, மோசேயின் தலைவர் என்பதற்காகவே 200 கசையடி வாங்கி, பஹாமாஸ் தீவில் அடிமை என்று தீர்ப்பாகி விற்கப்பட்டார். எப்படியோ மீண்டு வந்தார். 1759-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மோசேயில் 22 வீடுகளும் 67 பேரும் இருக்கிறார்கள், தலைவர் மீண்டும் மெனெண்டஸ்தான்.

"விருப்பமா, நிர்ப்பந்தமா" என்ற கேள்விக்கு என் விடை இந்த மனிதர்தான். துப்பாக்கியையும் மனுவையும் அவர் ஒரே காலத்தில் கையில் வைத்திருந்தார். மன்னரின் வாக்கை மன்னரிடமே கேட்டு வாங்க அவருக்கு இருந்த பிடிமானம் அந்தப் படைத்தலைவர் பதவி.

சுங்கை கரையோரம்

நூலகர் எழுதியதன் தொடர்ச்சியாக ஒரு செய்தி. அடுத்த கூட்டத்தில் மதராஸ் பட்டணத்து வழிவந்தவர்கள் யாரேனும் இருந்தால் அவர்களுக்கு இது நெருக்கமாக இருக்கும்.

1762-இல் ஆங்கிலேயர் ஸ்பெயினின் இரண்டு பெருந்துறைமுகங்களைப் பிடித்தார்கள். ஆகஸ்டில் ஹவானா, அக்டோபரில் மனிலா. ஹவானாவின் சுவர்களில் பார்தோ, மொரேனோ படையினரும், விடுதலையை எதிர்பார்த்து வந்த அடிமைகளும் ஸ்பெயினுக்காகப் போரிட்டார்கள். மனிலாவைத் தாக்கிய கப்பற்படை நம் மதராஸிலிருந்து புறப்பட்டது. மலாக்காவில் நின்று தண்ணீர் எடுத்துக்கொண்டு போன அந்தக் கப்பல்களில் மதராஸ் சிப்பாய்கள் சில நூறு பேரும், ஆங்கிலேயர் சேர்த்திருந்த ஆப்பிரிக்கர் பிரிவு ஒன்றும் இருந்தன. ஆக ஒரே போரில், உலகத்தின் இரு முனைகளில், ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஸ்பெயினுக்காகவும் ஸ்பெயினுக்கு எதிராகவும் நின்றார்கள். மனிலாவுக்கு அருகிலுள்ள கயின்டாவில் தங்கிவிட்ட சிப்பாய்களின் சந்ததியினர் இன்றும் இருப்பதாக அவ்வூரார் சொல்கிறார்கள்.

மோசேயின் முடிவும் இந்தப் போரோடு சேர்ந்ததே. 1763 உடன்படிக்கையில் ஹவானாவைத் திரும்பப் பெறுவதற்காக ஸ்பெயின் ஃபுளோரிடாவை ஆங்கிலேயருக்கு விட்டுக்கொடுத்தது. மெனெண்டசும் அவருடைய மக்களும் கப்பலேறிக் கியூபாவுக்குப் போனார்கள்.

செம்பனைத் தோட்டத்து மகள்

நூலகர் ஐயாவுக்கு நன்றி. கங்காணி ஒப்பீட்டில் வருமானம் பற்றிய உங்கள் மறுப்பை ஏற்கிறேன். ஆனால் சுங்கை நண்பர் நிறுத்திய இடத்திலிருந்து ஒரு வரி சேர்க்க வேண்டும். மோசே மக்களில் ஒரு பகுதியினருக்குக் கியூபாவின் மத்தான்சாஸ் பகுதியில் நிலம் கொடுத்த அரசு, கருவிகளோடு வீட்டுக்கு ஓர் அடிமையையும் கொடுத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அப்போதுதான் கொண்டுவரப்பட்டவர்கள். விடுதலைக்காக இத்தனை மனு எழுதியவர்களுக்கு அரசு அளித்த நிவாரணம் அது. மெனெண்டஸின் கதையைச் சொல்லும்போது இதையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்று மட்டுமே கேட்டுக்கொள்கிறேன்.

பீடோர் வாசகர்

எல்லாருக்கும் மிக்க நன்றி. சகோதரி சொன்னதைக் கட்டாயம் சேர்த்துச் சொல்வேன். இன்னும் ஒன்று கேட்க வேண்டும். இத்தனை ஆண்டுகள் ஆயுதம் ஏந்தியவர்களில் யாரும் அந்த அரசுக்கு எதிராகத் திரும்பவில்லையா? இந்தப் படைகள் எப்போது, எப்படி முடிந்தன?

தெலுக் இந்தான் ஆசிரியர்

திரும்பினார்கள். ஹவானாவில் ஹோசே அந்தோனியோ அபோந்தே என்றொரு தச்சர் இருந்தார். மரச்சிற்பமும் செய்வார், மொரேனோ படையில் பணியாற்றியவர். அவருடைய பாட்டனார் 1762-இல் ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற படைத்தலைவர். 1812-இல் கியூபாவின் கரும்பாலைத் தோட்டங்களில் எழுந்த கிளர்ச்சிகளின் தலைவர் என்று அபோந்தே கைது செய்யப்பட்டபோது, அவர் வீட்டில் ஒரு படப் புத்தகம் அகப்பட்டது. அவரே வரைந்தும் வெட்டி ஒட்டியும் உருவாக்கியது. கறுப்பின அரசர்கள், எத்தியோப்பிய மன்னர்கள், ஹவானாவின் தெருக்களும் கோட்டைகளும், வெள்ளையரை எதிர்க்கும் கறுப்பின வீரர்கள், நடுவே அவருடைய பாட்டனார். நீதிபதி பக்கம் பக்கமாகப் புரட்டி, இது யார், இது எந்த இடம், ஏன் வரைந்தாய் என்று நாள்கணக்கில் விசாரித்தார். அபோந்தே ஒவ்வொன்றுக்கும் பொறுமையாக விளக்கம் சொன்னார். 1812 ஏப்ரல் 9-இல் அவரைத் தூக்கிலிட்டு, தலையை இரும்புக் கூண்டில் வைத்தார்கள். புத்தகம் காணாமற் போயிற்று. இன்று நம்மிடம் இருப்பது அந்த விசாரணைப் பதிவு மட்டுமே. மன்னருக்காகப் பாட்டனார் ஏந்திய ஆயுதத்தின் நினைவையே பேரன் மன்னரின் ஆட்சிக்கு எதிராகப் பயன்படுத்தினார் என்பதை மாணவி கவனிக்க வேண்டும். படைப்பணி கொடுத்த பெருமையை அரசு தன் கணக்கில் எழுதிக்கொண்டது, ஆனால் அந்தப் பெருமை அந்தக் குடும்பங்களுக்கு உரியதாகவே இருந்தது.

முடிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெக்சிகோவில் 1790-களிலேயே பல கறுப்பினப் பிரிவுகளைக் கலைத்துவிட்டார்கள், அதோடு வரிவிலக்குகளும் ஆட்டம் கண்டன. கியூபாவில் 1844-இல் அடிமைகளும் சுதந்திரக் கறுப்பினத்தாரும் சேர்ந்து சதி செய்தார்கள் என்று அரசு குற்றம் சாட்டி, ஆயிரக்கணக்கானவர்களைப் பிடித்து, ஏணியில் கட்டி வைத்துச் சவுக்கால் அடித்து வாக்குமூலம் வாங்கியது. பார்தோ, மொரேனோ படைகளும் அப்போது கலைக்கப்பட்டன. பத்து ஆண்டு கழித்து, ஆள் தேவைப்பட்டதால், 1854-இல் அரசு அவற்றை மீண்டும் அமைத்தது. ஆனால் இம்முறை சுதந்திரக் கறுப்பினத்தார் பலர் சேர முன்வரவில்லை. உடல்நிலை, குடும்பம், தொழில் என்று காரணம் காட்டித் தம்மைப் படையிலிருந்து விடுவிக்கும்படி மனு எழுதினார்கள்.